கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

புது ஹெட்மிஸ்ட்ரஸ் தன் அறையில் உட்காருவதில்லை என்பதுதான் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மனத்தாங்கல். ஹெச்.எம். என்றால் மேஜைக்குப் பின்னால் இருக்க வேண்டும். தேடிப் போனால் ஆள் அகப்பட வேண்டும். வேதா மேடமோ, தசரா லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். ஜூனில் மாற்றலாகி வந்ததிலிருந்து கூரை ஒழுகல், தண்ணீர்த் தொட்டி, மதியச் சாப்பாட்டுப் பருப்பு என்று அலைந்துகொண்டிருந்தவர். இனிமேல் பாடத்தில் கை வைக்கப் போகிறார் என்று அந்த நாற்காலியைப் பார்த்ததுமே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

நாற்காலி முதலில் போய் நின்ற இடம், பத்தாம் வகுப்புத் தமிழ் மீடியம். பச்சையப்பன் சாரின் கணக்கு வகுப்பு.

ஆந்திரப் பக்கத்துத் தறி ஊரான நகரியில் பச்சையப்பன் சாரைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினெட்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு அவர்தான். ஊரில் பவர்லூம் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். அவருடைய வகுப்பின் பெருமையே கோரஸ்தான். “சைன் முப்பது?” என்று அவர் கேட்பார். “அரை!” என்று அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து கூரையைத் தூக்குவார்கள். எதிர்க்கடையில் டீ குடிக்கிறவன்கூட, “சார் கிளாஸ் எடுத்துக்கினு கீறாரு” என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைப்பான். அந்தச் சத்தம்தான் அவருக்கு மரியாதை, தெம்பு எல்லாம்.

ஆனால் போன வருஷம் பப்ளிக் பரீட்சையில் நிறையப் பிள்ளைகள் கணக்கில் விழுந்துவிட்டார்கள். ஏன் விழுந்தார்கள் என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. வகுப்பில்தான் எல்லாரும் பதில் சொல்கிறார்களே! செல்போன்தான் காரணம் என்றார். வீட்டில் பிள்ளைகளைத் தறி வேலைக்கு இழுத்துவிடுகிறார்கள் என்றார். ஸ்டாஃப் ரூமிலோ வேறு பேச்சு ஓடியது. கீழ் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஹரிபாபு சின்ன வயசு, சுறுசுறுப்பு. பத்தாம் வகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் பச்சையப்பனை ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிடலாமே என்ற பேச்சு அது. ஊரே பார்க்க ஆறாம் வகுப்பில் போய் நின்றால் அப்புறம் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? மேடம் நாற்காலியோடு உள்ளே வந்ததும் அவருக்கு ஆறாம் வகுப்புதான் கண்ணில் தெரிந்தது.

“நான் இருக்கறதையே மறந்துட்டு எடுங்கோ சார்” என்றார் வேதா மேடம்.

மறக்கவா முடியும்? பச்சையப்பன் அன்று குரலை இன்னும் ஒரு படி ஏற்றினார். கேள்வி கேட்டார், கோரஸ் வந்தது, “சபாஷ்” என்றார், அடுத்த கேள்விக்குப் போனார். மேடம் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கன்னத்தில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் “தேங்க்ஸ் சார்” என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். திட்டினாலாவது திருப்பிப் பேசலாம். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரிடம் என்ன சண்டை போடுவது?

அந்த நாட்களில் ஒருநாள், நெட்டைப் பையன்களுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரியும் பிரித்திகாவை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். அவள் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பதில் இல்லை. எப்போதும் அப்படித்தான் அந்தப் பெண். “வாய்ல இன்னா, கொழுக்கட்டையா? உக்காரு” என்றார். வகுப்பு சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி வரலட்சுமி தறியடியில் இருந்தாள். வீட்டின் பின்கட்டில் நாலு தறி. அவர் பிறந்து வளர்ந்ததும் இதே சத்தத்தில்தான். தறி ஓடும்போது நகரிக்காரர்கள் வாயால் பேசுவதில்லை. எல்லாம் கைச்சைகைதான், இல்லாவிட்டால் உதட்டசைவு. இரண்டு சுண்டுவிரலையும் கோத்து வெடுக்கென்று பிரித்துக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது, தறியை நிறுத்து என்று அர்த்தம். உள்ளங்கையைத் தட்டையாக முன்னும் பின்னும் ஓட்டினால் எல்லாம் சரியாக ஓடுகிறது. பேச்சு வராத குழந்தைகூட இந்த இரண்டையும் கற்றுக்கொண்டுவிடும்.

வரலட்சுமி அவர் முகத்தைப் பார்த்ததும் சுண்டுவிரல்களைக் கோத்துப் பிரித்து, ‘என்ன அறுந்தது?’ என்பதுபோல் மோவாயை உயர்த்தினாள்.

தறி நின்றதும், “அந்தம்மா இன்னிக்கும் வந்து உக்காந்துக்கிச்சி” என்றார் அவர்.

“உக்காரட்டுமே. உங்க பாடம் கேட்டு அதுக்கும் ரெண்டு கணக்கு வரட்டும்” என்று சிரித்தாள் வரலட்சுமி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுவாரம் ஸ்டாஃப் மீட்டிங். இதோ, ஆறாம் வகுப்பு வந்துவிட்டது என்று பச்சையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் சொன்னதோ வேறு.

“இத்தனை நாள் நான் உங்க கிளாஸ்ல வந்து உக்காந்தேன். உங்களுக்கெல்லாம் கோபம் இருக்கும், எனக்குத் தெரியும். இனிமே நீங்க என் சயின்ஸ் கிளாஸ்ல வந்து உக்காரணும். ஒவ்வொருத்தரா வாங்கோ. குத்தம் சொல்லணும்னு இல்லை. யாருக்குப் புரியலை, அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? இது மட்டும் சொன்னாப் போறும்.”

“தப்பு கண்டுபிடிச்சா மெமோ இஸ்தாரா மேடம், குடுத்துடுவீங்களா?” என்று ஹரிபாபு அரைத் தெலுங்கில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

“கண்டுபிடிக்கலைன்னாத்தான் மெமோ” என்றார் மேடம்.

சீனியர் என்பதால் முதல் முறை பச்சையப்பனுக்கு. அதே பத்தாம் வகுப்பு. கடைசி பெஞ்சில், பிரித்திகாவுக்குப் பக்கத்தில் இடம். மேடம் போர்டில் பேட்டரி, பல்பு, ஒயர் என்று படம் போட்டு மின்தடையை விளக்கிக்கொண்டிருந்தார். பச்சையப்பன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கட்டிய கையைப் பிரித்துவிட்டு முன்னால் குனிந்தார்.

எதிரே வரிசை வரிசையாகப் பிடரிகள். முகம் இல்லை, உதடு இல்லை. மேடம் கேள்வி கேட்பது தெரிந்தது, யாரோ ஒரு பையன் எழுந்து நிற்பது தெரிந்தது, அவன் தோள் அசைவது தெரிந்தது. அவன் என்ன சொன்னான்? சத்தத்தைக் குறைத்து வைத்த டிவி மாதிரி இருந்தது வகுப்பு. மேடம் போர்டு பக்கம் திரும்பினால் அவர் குரலும் வண்டு முனகுவதாக ஆகிவிட்டது. கொரோனாவின்போது பிள்ளைகள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு வந்த நாட்கள் அவர் நினைவுக்கு வந்தன. பிள்ளைகள் பயத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள் என்றுதான் அப்போது நினைத்திருந்தார். பேச்சு குறையவில்லை. அவருக்குத்தான் உதடு தெரியாமல் போயிருந்தது. தறிவீட்டுப் பிள்ளையாகப் பிறந்து உதட்டைப் படித்தே பழகியவர், இத்தனை வருஷமும் முன்வரிசைப் பிள்ளைகளின் உதட்டைப் பார்த்து வகுப்பு நடத்தியிருக்கிறார். அதற்கு மேல் காதுக்கு எட்டியது கோரஸ் ஒன்றுதான்.

பதறிப்போய்ப் பக்கத்தில் பார்த்தார். பிரித்திகாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மேடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சாண் தூரத்திலிருந்தும் அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

மதியம் ஸ்டாஃப் ரூமில் மேடம் கேட்டார். “சொல்லுங்கோ சார். யாருக்குப் புரியலை?”

பச்சையப்பன் சிரித்து வைத்தார். “எல்லாருக்கும் புரிஞ்சிச்சி மேடம். பிரமாதமா எடுத்தீங்க.”

ஹரிபாபுவுக்கு வாய் நிற்குமா? “அதெப்டி சார்? ‘புரியல மேடம், புரியல மேடம்’னு ஒரு பையன் எழுந்து சொன்னது பக்கத்து ரூம்ல எனக்கே கேட்டுச்சே!”

மேடம் அவசரமாகக் குறுக்கே வந்தார். “சாருக்கு என் மனசு நோகக்கூடாதுன்னு. ஆனா ஹரிபாபு சொன்னதுதான் நெஜம். என் பாடம் இன்னிக்குக் கோவிந்தா. ஏன் அப்படி ஆச்சுன்னு பேசலாம், வாங்கோ” என்று தன் பாடத்தைத் தானே கிழித்துப் போட ஆரம்பித்தார். படத்தை அவசரமாகப் போட்டாராம். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லையாம். ஒருவன் புரியவில்லை என்ற பிறகும், எல்லாரும் சேர்ந்து ‘சரி மேடம்’ என்றதை நம்பிவிட்டாராம். ஒரு ஹெச்.எம். ஸ்டாஃபின் முன்னால் தன் தப்பை இப்படி அடுக்கிக்கொண்டே போவதை அந்த அறை அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லாரும் மேடத்தையே பார்த்தார்கள். பச்சையப்பனை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அவர் பேசிக்கொண்டே போகிறார் என்று பச்சையப்பனுக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

சாயங்காலம் தட்டில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்தார்.

“இன்னாங்க, துன்னாம எழுந்துக்கினீங்க?”

“பத்தாங் கிளாஸு போச்சி வரலட்சுமி. எனக்குக் காது…”

அவள் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். “எடப்பக்கம் ரொம்ப மோசம், வலப்பக்கம் கொஞ்சம் கேக்குது. நான் எத்தினி வருஷமா இந்தப் பக்கம் வந்து பேசிக்கினு கீறேன், நீங்க கண்டீங்களா?”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஒத்துக்குவீங்களா? இந்த ஊர்ல யாருக்குத்தான் ஒழுங்காக் கேக்குது!”

அதுவும் நிஜம்தான். எல்லாரும் கத்திப் பேசுகிற ஊரில் ஒருவருக்குக் காது போவது அவருக்கே தெரியாமல் போய்விடும். ஆனால் வாத்தியாருக்குப் போகலாமா? போய்விட்டது என்று தெரிந்தால் வகுப்பில் விடுவார்களா?

திங்கட்கிழமை அவர் போனபோது வராந்தா முழுக்க பெஞ்சு. மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹரிபாபு ஒரு முனையும் தான் ஒரு முனையுமாக பெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வகுப்பிலும் நடுவில் வழி விட்டு பெஞ்சுகள் எதிரும் புதிருமாகப் போடப்பட்டிருந்தன. யாருக்கும் யாருடைய பிடரியும் தெரியாது. எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சிலேட்டு, ஒரு பலப்பம்.

பிரேயரில் மேடம் அறிவித்தார். “இன்னிலேர்ந்து எந்தக் கிளாஸ்லயும் கோரஸ் கெடையாது. என் கிளாஸ்ல எல்லாரும் ஒண்ணா ‘சரி மேடம்’னு சொன்னேள், நான் நம்பி ஏமாந்தேன். இனிமே டீச்சர் கேள்வி கேட்டா, எல்லாரும் சிலேட்டுல எழுதித் தலைக்கு மேல தூக்கிக் காட்டணும். தப்பா இருந்தாலும் தூக்கணும். தப்பா எழுதினவாதான் எனக்கு ரொம்ப வேணும்.”

“ஹைஸ்கூலை பால்வாடி ஆக்கிட்டாங்க” என்று வாத்தியார்கள் முணுமுணுத்தார்கள். பச்சையப்பனுக்குத் தன் கோரஸ் போனதில் ஒரு வலி. ஆனால் யார் முன்னாலும் மானம் போகவில்லை என்ற நிம்மதி அதைவிடப் பெரிசாக இருந்தது. தனக்காக ஒரு பள்ளிக்கூடத்தையே திருப்பிப் போட்டிருக்கிறாரோ என்ற சந்தேகம் அவருக்கு எழுந்தது. சேச்சே, அப்படியெல்லாம் யார் செய்வார்கள் என்று அதை உடனே அமுக்கிவிட்டார்.

கணக்கு வகுப்பு. மேடத்தின் நாற்காலி பின்சுவரோரம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. பச்சையப்பன் போர்டில் ஒரு மரம் வரைந்தார். “மரம் எட்டு மீட்டர். சூரியன் நாப்பத்தஞ்சு டிகிரியில கீது. நெழல் எவ்ளோ?” பலப்பங்கள் கீச்சிட்டிருக்க வேண்டும். அவருக்குக் கேட்கவில்லை. “தூக்குங்க!”

சிலேட்டுகள் எழுந்தன.

நாலு மீட்டர். பதினாறு. நாற்பத்தைந்து. ஒன்றில் எட்டையும் நாற்பத்தைந்தையும் கூட்டி ஐம்பத்து மூன்று. முன்வரிசையில் தொண்டை கிழியக் கத்துகிற அருள்குமாரின் சிலேட்டில் வெறும் மரம் மட்டும் இருந்தது. ‘டான் நாப்பத்தஞ்சு?’ என்று கேட்டால் ‘ஒண்ணு!’ என்று கூரையைத் தூக்கிய அதே பிள்ளைகள். இத்தனை வருஷமும் சபாஷ் சபாஷ் என்று எதற்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்?

கோடியில் ஒரு சிலேட்டில் மட்டும் ‘8’ என்று இருந்தது. அதன் கீழே ஒரு முக்கோணம், ‘இரண்டு பக்கமும் சமம், அதனால் நிழலும் மரமும் சமம்’ என்று குண்டு குண்டாக எழுத்து. சிலேட்டைத் தாழ்த்தியபோது தெரிந்த முகம் பிரித்திகாவுடையது.

அவர் அவளருகே போனார். “உனக்கு இது தெரியுமா? அப்ப நான் கேட்டப்பல்லாம் நீ பதில் சொன்னியாம்மா?”

அவள் முகம் இப்போது நேரே, வெளிச்சத்தில் இருந்தது. உதடுகள் தெளிவாக அசைந்தன. “நான் சொல்லுவேன் சார். எப்பவும் சொல்லுவேன்.”

அருள்குமார் எழுந்தான். “ஆமா சார், அவ சொல்லுவா. நீங்கதான் ‘வாய்ல கொழுக்கட்டையா’ம்பீங்க. உங்களுக்கு அவளப் புடிக்காதுன்னு நாங்க நெனச்சிக்கினோம்.”

பிரித்திகா சிலேட்டிலிருந்து முகத்தை நிமிர்த்திச் சொன்னாள். “நானும் அப்டித்தான் நெனச்சேன் சார்.”

பச்சையப்பன் சார் அந்த இடத்தில் வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாத்தியாருக்கு வழியா இல்லை? பேச்சை மாற்றலாம், அதட்டலாம், அடுத்த கணக்குக்குப் போகலாம். மேடம் அவருக்கு மறைப்பும் கட்டிக் கொடுத்திருந்தார். காலத்துக்கும் அதற்குப் பின்னால் இருந்துவிடலாம். ஆனால் அந்தப் பெண் இத்தனை நாளும் சரியான பதிலைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

“புடிக்காம இல்லம்மா” என்றார். “எனக்குக் காது கேக்கல. ரொம்ப வருஷமாவே கேக்கல. அது எனக்கே இப்பத்தான் தெரிஞ்சிச்சி. நீ சொன்னதெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும். என்னிய மன்னிச்சிடு.”

அப்போது அருள்குமார் ஒன்று செய்தான். கையை உயர்த்தினான், இரண்டு சுண்டுவிரலையும் கோத்தான், வெடுக்கென்று பிரித்தான். பிறகு தன் சிலேட்டைக் காட்டினான். நூல் அறுந்துவிட்டது சார், எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை.

பச்சையப்பனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் பக்கத்துப் பையனும் விரல்களைப் பிரித்தான். எதிர் வரிசையில் நாலு பேர், பிறகு பத்துப் பேர். தறிவீட்டுப் பிள்ளைகள்தானே எல்லாரும்! பிரித்திகா மட்டும் உள்ளங்கையைத் தட்டையாக முன்னும் பின்னும் ஓட்டினாள். எனக்கு ஓடுகிறது சார். பச்சையப்பன் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் சிரித்தார். பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக வகுப்பில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

பின்சுவரோரம் இருந்த வேதா மேடம் திருதிருவென்று விழித்தார். “இது என்ன கையாட்டல்? எனக்கும் சொல்லிக் குடுங்கோளேன்” என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு விரலைக் கோத்து விட்டார்கள். அடுத்த நாள் பிரேயரில் பள்ளிக்கூடம் முழுக்க அதுவே சட்டமாகிவிட்டது. ஹரிபாபு தன் வகுப்பில் எத்தனை நூல் அறுந்து கிடக்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டு நாள் சிரிக்கவே இல்லை. பிறகு பின்னப் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு பச்சையப்பனிடமே வந்தார். இரண்டு பேரும் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை பச்சையப்பனும் வரலட்சுமியும் திருப்பதிக்குப் போனார்கள். காது டாக்டரின் பெயரை மேடம்தான் சொல்லியிருந்தார். தறிச்சத்தம் தின்றது போக மிச்சமிருப்பதை மிஷின் வைத்துக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அளவெடுத்துக்கொண்டு மறுவாரம் வரச் சொன்னார். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். மேடத்தின் வீடு கோயிலுக்குப் பின்தெருவில். வரலட்சுமி தன் தறியில் நெய்த இரண்டு துண்டுகளைப் பையில் வைத்திருந்தாள்.

கூடத்தில் திருமண் இட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேதா மேடத்தின் அப்பா கண்ணபிரான். திருமலையில் பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் வாழ்நாளெல்லாம் இருந்தவர். “வாங்கோ, வாங்கோ” என்று பச்சையப்பனின் வாயையே உற்றுப் பார்த்தார். பச்சையப்பனும் அவர் வாயையே உற்றுப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அடுத்த நொடியே விஷயம் விளங்கிவிட்டது. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

காபி வந்தது. பச்சையப்பன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பல நாளாக அமுக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். “மேடம், பெஞ்சுங்களத் திருப்பிப் போட்டது, சிலேட்டு எல்லாம்… எனக்காவத்தானே?”

வேதா மேடம் எழுந்து வந்து அவருக்கு நேர் எதிரே, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தார். அவர் பேசும்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார் என்பதைப் பச்சையப்பன் அப்போதுதான் கவனித்தார்.

“ஆரம்பிச்சது உங்களுக்காகத்தான் சார். நீங்க கேள்வி கேட்டுட்டுத் தலையைச் சாய்ச்சு முன்பெஞ்சு வாயைப் பாக்கறேள். அன்னிக்குப் பிரித்திகா பதில் சொன்னா. பின்னாடி இருந்த எனக்குக் கேட்டுது, உங்களுக்குக் கேக்கலை. எங்கப்பா தலை மாதிரியே உங்க தலை சாயறதுன்னு அப்பத்தான் பிடிபட்டுது. அப்பாவுக்குக் காது போனப்போ கோஷ்டில ஒருத்தரும் அவரை வெளியில போகச் சொல்லலை. பக்கத்துல நின்னவரை எதிர் வரிசைக்கு அனுப்பிட்டு, வாயைப் பாக்கட்டும்னு அப்பாவை அவருக்கு நேர் எதிரே நிக்க வெச்சா. அப்பாவுக்காகத்தான்னு யாரும் சொல்லிக்கலை. எதிரும் புதிருமா நின்னதுல கோஷ்டிக்கே சுருதி சேர்ந்துதுன்னு அப்புறம் எல்லாரும் சொன்னா.” பிறகு சொன்னார். “உங்களை எடுத்துட்டு ஹரிபாபுவைப் போட்டிருந்தா, எனக்கு ஒரு கணக்கு வாத்தியார் போயிருப்பார். கோரஸ் அப்படியே இருந்திருக்கும். என் கிளாஸ்லயுந்தான் கோரஸ் என்னை ஏமாத்தித்து, எனக்குக் காது நன்னாத்தான் கேக்கறது.”

பச்சையப்பனுக்குக் கைகூப்பத்தான் தெரிந்தது. “நல்லா இருக்கணும் மேடம் நீங்க” என்றார். தன்னைவிட வயதில் சின்னவருக்கு நன்றி சொல்லக் கூச்சப்படுகிற மனுஷன்தான் அவர். அன்று கூச்சமே இல்லை. வரலட்சுமி துண்டுகளை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தாள். பெரியவர் ஒன்றைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “பேஷ்” என்றார். உள்ளங்கையைத் தட்டையாக ஓட்டி நகரி சைகையில் வரலட்சுமி அவருக்குப் பதில் சொன்னாள். அது அவருக்கு எப்படியோ புரிந்தது.

மறுவாரம் மிஷின் வந்தது. வலக்காதில் ஒன்று, இடக்காதில் ஒன்று. திங்கட்கிழமை பள்ளிக்கு நடந்து போகும்போதே உலகம் அவரை மொய்த்துக்கொண்டது. செருப்புச் சத்தம், சைக்கிள் பெல், டீக்கடையில் எவனோ உறிஞ்சுகிற சத்தம். இத்தனை கூச்சலையும் தாங்கிக்கொண்டா இந்த ஊர் இருக்கிறது என்று மலைத்துப்போனார். வகுப்புக்குள் வந்தால் மின்விசிறி கடகடவென்று முறையிட்டது. அது அப்படி முறையிடுவது அவருக்குத் தெரியவே தெரியாது.

பின்சுவரோரம் வழக்கம்போல் நாற்காலி, நாற்காலியில் மேடம். பிள்ளைகள் எதிரும் புதிருமாக, சிலேட்டோடு தயார். பச்சையப்பன் அதே மரத்தை வரைந்தார். அதே சூரியனை வரைந்தார். பிறகு, வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போர்டைப் பார்த்தபடியே நின்று கேட்டார்.

“சூரியன் இன்னும் மேல ஏறினா நெழல் இன்னா ஆவும்? பிரித்திகா, நீ சொல்லு.”

உதடு இல்லை, முகம் இல்லை. எதிரே வெறும் கறுப்புப் பலகை. பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் வந்தது. அவர் நினைத்திருந்த மாதிரி மெலிந்த குரல் இல்லை அது. சற்றே கரகரத்த, நிதானமான, பயமில்லாத குரல்.

“கொறஞ்சிக்கினே போவும் சார். கோணம் பெரிசாவ பெரிசாவ டான் பெரிசாவும். மரம் அதே ஒசரந்தான். அப்ப நெழல்தான் சார் சின்னதாவணும்.”

பச்சையப்பன் சார் திரும்பவில்லை. சாக்பீஸைப் பிடித்த கை போர்டு மேல் அப்படியே நின்றுவிட்டது.

“இன்னொரு தரம் சொல்லும்மா” என்றார்.

வகுப்பில் சலசலப்பு. அருள்குமார் பயந்துபோய்க் கேட்டான். “கேக்கலையா சார்?”

“கேட்டுச்சிடா” என்றார் அவர். “அதுக்குத்தான் இன்னொரு தரம்.”